வியட்நாம், கம்போடியா, தாய்லாந்து: எங்கே தைரியமாகச் சாப்பிடலாம், எங்கே கை நீட்டக் கூடாது

சர்க்கரை உள்ள அப்பா, அம்மா, மனைவி, 6 வயது மகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வியட்நாம், கம்போடியா, தாய்லாந்து மூன்றையும் சுற்றப் போவதாகச் சொல்லி மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். தெருக்கடைப் பக்கமே போகாமல் பெரிய ஹோட்டலில் சாப்பிட்டால் பாதுகாப்புதானே, அம்மா வீட்டிலிருந்து புளிச்சாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொள்ளலாம் என்கிறாரே அது சரிவருமா, என்னென்ன மாத்திரை வாங்கி வைத்துக்கொள்வது. ஹோட்டல் சமையலறைகளில் உணவுப் பாதுகாப்புத் தணிக்கை பார்ப்பது என் வேலை, நான் டாக்டர் இல்லை. அதனால் சாப்பாட்டைப் பற்றி அடித்துச் சொல்வேன். மருந்தைப் பற்றிச் சொல்வதைக் கிளம்புவதற்கு முன் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய ஹோட்டல் என்றால் பாதுகாப்பு என்ற கணக்கு பாதிதான் சரி. நல்ல தண்ணீர், குளிர்பதன அறை, பயிற்சி பெற்ற ஆட்கள் எல்லாம் அங்கே இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பஃபே என்று ஒன்று இருக்கிறதே. காலை 6 மணிக்குத் திறந்து 10:30 வரை ஓடும். அடியில் ஜெல் டப்பா எரிகிற அந்த எவர்சில்வர் பாத்திரங்களில் தெர்மாமீட்டர் ஊசியைக் குத்திப் பார்ப்பதுதான் தணிக்கையில் நான் முதலில் செய்வது. மூடியைத் தூக்கினால் ஆவி பறக்கும், பார்க்கிறவருக்கு எல்லாம் கொதிக்கிற மாதிரி தெரியும். ஓரத்தில் குத்தினால் 65 டிகிரி காட்டும். நடுவில் குவித்து வைத்த நூடுல்ஸில் குத்தினால் 44 காட்டும். ஜெல் அணைந்துபோய் யாரும் கவனிக்காத பாத்திரத்தில் 38கூடக் காட்டும். தீர்ந்துபோகப் போகிறது என்றால் அதன் தலைமேலேயே புதுச் சரக்கைக் கொட்டி நிரப்புவார்கள், ஆக அடியில் கிடப்பது காலை 6 மணிக்கு வைத்தது.

இந்த எண்களை ஏன் சொல்கிறேன் என்றால், 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் குடும்பம் நடத்துகின்றன. தோதான சூட்டில் சில வகைகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். சமைத்த உணவை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் என்று அமெரிக்க அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. நீங்கள் போகிற ஊர்களில் 32 டிகிரி என்பது சாதாரண மத்தியானம். அதனால் கடையின் பெயர்ப்பலகையைப் பார்ப்பதைவிட, தட்டில் இருப்பது அடுப்பிலிருந்து இறங்கி எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது பத்து மடங்கு பிரயோஜனம். பஃபேயில் சாப்பிடவே கூடாதா என்றால், சாப்பிடுங்கள், திறந்த முதல் அரை மணியில் போய்விடுங்கள், ஆம்லெட்டும் நூடுல்ஸ் சூப்பும் கண்ணெதிரே போட்டுத் தருகிற கவுன்ட்டரில் நில்லுங்கள். கடைசி நேரத்தில் ஓடிப்போய் மிச்சத்தை வழித்துக்கொள்கிற பழக்கம் வேண்டாம்.

தெருக்கடைக்கும் இதே கணக்குதான். ஹனோயிலோ சைகோனிலோ விடிகாலையில் ஃபோ என்கிற நூடுல்ஸ் சூப் கடைக்குப் போய்ப் பாருங்கள். ஒரு பெரிய அண்டாவில் எலும்பு ரசம் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும், அரிசி நூடுல்ஸை ஒரு சல்லடைக் கரண்டியில் போட்டு வெந்நீரில் முக்கி எடுப்பார்கள், கிண்ணத்தில் போட்டு மேலே அந்த ரசத்தை ஊற்றி, குடிக்க முடியாத சூட்டில் உங்கள் முன்னால் வைப்பார்கள். சுவர் அழுக்காக இருக்கும், நாற்காலி முழங்கால் உயரம்தான் இருக்கும், அம்மா முகம் சுளிப்பார். ஆனால் அந்தக் கிண்ணத்துக்குள் இருப்பது அந்த ஊரில் கிடைக்கிற பாதுகாப்பான சாப்பாடுகளில் ஒன்று. நிறைய கடைகளில் காலைக் கூட்டம் முடிந்ததும் அண்டா காலியாகிவிடும், மிச்சம் வைத்து மறுநாள் ஓட்டுகிற பேச்சே இல்லை.

அதே கிண்ணத்தோடு ஒரு தட்டில் பச்சைப் பயறு முளையும் இலைதழையும் பச்சையாக வரும், உஷாராக வேண்டிய இடம் அது. முளைகட்டிய பயறு உடம்புக்கு நல்லது என்றுதான் நமக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். விதை முளைக்கிற வெதுவெதுப்பும் ஈரமும் கிருமி பெருகுவதற்கும் அதே அளவு தோதானவை. 2011இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தின் வழியாகப் பரவிய ஈ.கோலை என்ற குடல் கிருமியின் ஒரு வகையால் கிட்டத்தட்ட 4000 பேர் நோயில் விழுந்தார்கள், 50 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அவ்வளவு சுத்தமான நாட்டிலேயே இந்தக் கதை. முளையை அந்த வெந்நீரில் ஒரு முக்கு முக்கித் தரச் சொல்லுங்கள், சைகைக் காட்டினாலே போதும், தெற்கு வியட்நாமில் அப்படிக் கேட்டுச் சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. இலைகளை மகளுக்கும் பெரியவர்களுக்கும் வேண்டாம் என்று ஒதுக்கிவிடுங்கள்.

வியட்நாமில் நான் நிஜமாகவே பயப்படுவது பான் மி சாண்ட்விச்சுக்குத்தான். ரொட்டியின்மேல் பயமில்லை, உள்ளே தடவுகிற ஈரல் விழுது, பச்சை முட்டையில் அடித்த மயோனைஸ், ஏற்கெனவே நறுக்கி வைத்த குளிர்ந்த இறைச்சி ஆகியவற்றின்மேல். மூன்றுமே சூடு காட்டாமல், வண்டியில் கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் மணிக்கணக்கில் இருக்கிறவை. 2023 செப்டம்பரில் ஹோய் ஆனில் ஒரு பிரபலமான கடையின் பான் மி சாப்பிட்டு வெளிநாட்டுப் பயணிகள் உட்பட 300 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு டோங் நாய் மாகாணத்தில் இன்னொரு கடையில் 500க்கும் மேல். இரண்டிலும் சால்மொனெல்லா என்ற கிருமி சிக்கியது. ஹோய் ஆன் கடை ஊருக்கே பெருமையான கடை, கூட்டம் அலைமோதும், இணையத்தில் நட்சத்திரம் குவிந்திருக்கும். நிறையப் பேர் வருகிற கடை நல்ல கடை என்கிற யோசனை சுடச்சுட விற்கிற கடைக்குத்தான் பொருந்தும். குளிர்ந்த சரக்கு விற்கிற இடத்தில் கூட்டம் அதிகமென்றால் முந்தின நாளே மொத்தமாகத் தயாரித்து வைத்திருப்பார்கள் என்றும் அர்த்தமாகலாம். பான் மி சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால் முட்டையை உடைத்துப் பொரித்து ரொட்டியில் வைக்கச் சொல்லுங்கள், மயோனைஸும் ஈரல் விழுதும் வேண்டாம். ஹனோயில் முட்டைக் காபி என்று ஒன்று பிரசித்தம், அதுவும் பச்சை மஞ்சள் கருவை நுரைக்க அடித்துக் காபிமேல் விடுவதுதான், காபியின் சூட்டுக்கு அது வேகாது. நீங்கள் ஒரு கோப்பை குடித்துப் பாருங்கள், மகளுக்கும் அப்பாவுக்கும் வேண்டாம்.

தாய்லாந்தில் பாங்காக் தெருக்களில் கண்ணாடிக்குப் பின்னால் பத்துப் பதினைந்து தட்டில் குழம்பும் பொரியலுமாக வைத்து, சோற்றின்மேல் ஊற்றித் தருகிற கடைகள் இருக்கும், காவ் கேங் என்பார்கள். காலை 8 மணிக்குப் போனால் அருமை. சாயங்காலம் 4 மணிக்குப் போனால் அதே தட்டுதான், அதே குழம்புதான், ஆறி எண்ணெய் மிதந்துகொண்டிருக்கும். அந்த நேரத்துக்கு வாணலியில் உடனே கிளறித் தருகிற கடைக்குப் போய்விடுங்கள், பாட் தாய், ஃப்ரைட் ரைஸ், துளசி இலை போட்டுக் கிளறியது எதுவாகவும் இருக்கட்டும். இரவுச் சந்தையில் குச்சியில் குத்திய கோழி, இறால், கணவாய் எல்லாம் பாதி சுட்டு அடுக்கி வைத்திருப்பார்கள், நீங்கள் கேட்டதும் லேசாகச் சூடு காட்டித் தருவார்கள். நன்றாகச் சுடச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள், உள்ளே ஆவி வரும்வரை வாங்காதீர்கள். பப்பாளிக்காய் இடித்துச் செய்கிற சோம் தம் சாலட்டில் பச்சையாக ஊறவைத்த நண்டும் பதப்படுத்திய மீன் கரைசலும் போடுகிற வகை ஒன்று உண்டு. வேர்க்கடலை, காய்ந்த இறால் போட்ட ‘சோம் தம் தாய்’ வகையைக் கேளுங்கள், அதையும் உரலை எப்படிக் கழுவுகிறார்கள் என்று பார்த்துவிட்டு.

தொடவே கூடாதவை என்று சில இருக்கின்றன, இவற்றில் பேரம் கிடையாது. வடகிழக்குத் தாய்லாந்திலும் லாவோஸிலும் ஆற்று மீனைப் பச்சையாகக் கொத்திச் சாப்பிடுகிறார்கள். அதில் இருக்கிற ஈரல் புழு உடம்பில் தங்கி, பல வருடம் கழித்துப் பித்தநாளப் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும், அந்தப் பகுதியில் அந்தப் புற்றுநோய் அதிகமாக இருப்பதற்கு இதுதான் காரணம். வியட்நாமில் பன்றியின் பச்சை ரத்தத்தை உறையவைத்துத் தருவார்கள். அதன் வழியாக வருகிற ஒரு பாக்டீரியா மூளையுறைக் காய்ச்சலைக் கொண்டுவரும், பிழைத்தவர்களில் பலருக்குக் காது நிரந்தரமாகப் போயிருக்கிறது. பச்சைச் சிப்பியும் இந்தப் பட்டியலில்தான். நீங்கள் இதையெல்லாம் தேடிப்போக மாட்டீர்கள் என்று தெரியும், ஆனால் டூர் கைடு ‘ஒரு வாய் டேஸ்ட் பாருங்க சார்’ என்று நீட்டும்போது மரியாதைக்காக வாங்கிவிடுகிறவர்கள் நம்மில் உண்டு.

சாராய விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியெங்கில் மெத்தனால் என்ற விஷச் சாராயம் கலந்த மதுவால் வெளிநாட்டுப் பயணிகள் 6 பேர் இறந்தார்கள். இலவசமாகத் தருகிற ஷாட், பக்கெட்டில் கலந்து தருகிற காக்டெய்ல், ஊர்க்காரர் காய்ச்சியது எதையும் தொடாதீர்கள், மூடி உடைக்காத பீர் போதும். குடித்த மறுநாள் கண் மங்கினாலோ பனி மூட்டமாகத் தெரிந்தாலோ அது ஹேங்ஓவர் இல்லை, அந்த நிமிடமே ஆஸ்பத்திரி.

ஐஸ் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். தாய்லாந்திலும் வியட்நாமின் பெரிய ஊர்களிலும் நடுவில் ஓட்டை உள்ள உருளை ஐஸ் தொழிற்சாலையில் சுத்திகரித்த தண்ணீரில் செய்து பையில் வருவது, பொதுவாகப் பயமில்லை. பெரிய பாளமாகக் கொண்டுவந்து சாக்கில் சுற்றி, இரும்பால் உடைத்துத் தருகிற ஐஸ் வேண்டாம், அது மீனைக் குளிரவைக்க வந்ததாகவும் இருக்கலாம். உறைந்தால் கிருமி செத்துவிடும் என்பதும், விஸ்கியில் போட்டால் சரியாகிவிடும் என்பதும் சும்மா பேச்சு. குழாய்த் தண்ணீரை மூன்று நாட்டிலுமே குடிக்க வேண்டாம், பல் தேய்க்கவும் பாட்டில் தண்ணீர்தான். அறையில் கெட்டில் இருந்தால் தளதளவென்று 1 நிமிடம் கொதிக்கவிட்டாலே போதும். இளநீர் கண்ணெதிரே வெட்டித் தருகிற வரைக்கும் பிரச்சினை இல்லை. கரும்புச்சாறு இயந்திரத்தின் உருளையைப் பார்த்தாலே உங்களுக்குக் குடிக்கத் தோன்றாது.

பழம் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடுங்கள், நீங்களே தோல் உரிப்பதாக இருந்தால். ரம்புட்டான், மங்குஸ்தான், வாழை, ஆரஞ்சு எல்லாம் இயற்கையே பேக் செய்து கொடுத்தவை. நறுக்கி ஐஸ்மேல் அடுக்கிய தர்பூசணி, பச்சைத் தண்ணீர் தெளித்துப் பளபளப்பாக்கிய அன்னாசி வேண்டாம், முழுப் பழத்தைக் காட்டி வெட்டச் சொல்லுங்கள்.

‘நாங்கள் சைவம், எங்களுக்கு என்ன ஆகப்போகிறது’ என்று சொல்கிறவர்களுக்காக ஒரு சேதி. சோறு. வெந்த சோற்றிலும் உயிரோடு இருக்கிற ஒரு கிருமி உண்டு, பேசில்லஸ் சீரியஸ் என்று பெயர். அதன் வித்துகள் கொதிநீரைத் தாங்கும், சோறு மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகி ஒரு நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது, ஆக மீதிச் சோற்றைத் திரும்பச் சூடு பண்ணிச் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்பது இங்கே எடுபடாது. சாப்பிட்ட 1 மணியிலிருந்து 6 மணி நேரத்துக்குள் வாந்தி பிடித்து உலுக்கும். கெட்டால் வாசனையில் தெரிந்துவிடும் என்று நம் வீடுகளில் நம்புகிறார்கள். ஊசிப்போன வாசனை வருவது வேறு கிருமிகளால், சால்மொனெல்லாவோ இந்தச் சீரியஸோ வாசனை, நிறம், ருசி எதையும் மாற்றாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்.

இதனால்தான் நம் ஊர்க் குழு டூர்களில் தருகிற ‘இந்தியன் லஞ்ச்’ பொட்டலத்தைப் பார்த்து எனக்குக் கவலை. விடிகாலை 5 மணிக்கு ஏதோ ஓர் இந்திய உணவகத்தில் சாதமும் சப்ஜியும் வெந்து, சூட்டோடு பிளாஸ்டிக் டப்பாவில் மூடி, பஸ்ஸின் அடிவயிற்றில் சாமான்களோடு ஏற்றி, ஹா லாங் படகிலோ அங்கோர்வாட் வாசலிலோ 1:30க்குப் பிரித்துத் தருவார்கள். ருசி நம்ம ருசி, அதனால் எல்லோரும் சந்தோஷமாகச் சாப்பிடுவார்கள். எட்டரை மணி நேரம், அதில் பெரும்பகுதி 40 டிகிரிச் சுற்றில். அதற்குப் பதில் அங்கேயே ஒரு கடையில் வாணலியில் கிளறிய காய்கறி நூடுல்ஸ் எவ்வளவோ மேல். சைவத்துக்குத் தாய்லாந்தில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட ‘ஜே’ கடைகளைத் தேடுங்கள், வியட்நாமில் ‘சாய்’ என்று கேளுங்கள், இறைச்சி, மீன் சாறு எதுவும் இருக்காது. டூர்க்காரரிடம் முன்பணம் கட்டும்போதே பொட்டலச் சாப்பாடு எத்தனை நாள், எங்கே சமைப்பது என்று கேட்டுவிடுங்கள்.

சரி, அம்மாவின் கட்டுச்சாதம். புளிச்சாதம் பரவாயில்லை, புளியின் அமிலத்தில் கிருமி பெருகுவது மெதுவாகும், நல்லெண்ணெயும் உப்பும் கூடச் சேர்கின்றன. ஆனால் சோற்றை அகலமாகத் தட்டில் பரப்பி முழுக்க ஆறவைத்து, சுத்தமான கரண்டியால் கிளறிக் கட்ட வேண்டும். சூடாகக் கட்டினால் உள்ளே வியர்த்துக் காரியம் கெடும். கிளம்புகிற நாளோடு முடித்துவிடுங்கள். தயிர்சாதம் வேண்டாம், பால் ஊற்றிப் பிசைந்து போகிற வழியில் தயிராகிவிடும் என்கிற யுக்தி கும்பகோணம் போகிற ரயிலுக்குச் சரி, விமானம் மாறி 12 மணி நேரம் போகிற பயணத்துக்கு ஆகாது. தேங்காய்ச் சட்னி, தேங்காய்ச் சாதம் பக்கமே போகாதீர்கள். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி முதல் வேளைக்கு ஓகே. இதைவிட உருப்படியானது, ஈரமில்லாதவை: புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாய், அவல், வறுத்த ரவைக் கலவை, தட்டை முறுக்கு. சாதத்தை மட்டும் அங்கே சுடச்சுட வாங்கிப் பொடி போட்டுச் சாப்பிடலாம், மூன்று நாட்டுக்காரர்களும் மூன்று வேளை சோறு தின்கிறவர்கள், வெள்ளைச் சாதத்துக்குப் பஞ்சமே இல்லை. மீந்ததை அறையிலுள்ள மினிபாரில் வைத்து ராத்திரி சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள், அந்தக் குட்டி ஃபிரிட்ஜ்களில் பலதும் பாட்டிலைக் குளிரவைக்கத்தான் லாயக்கு, 5 டிகிரிக்கு இறங்காது.

‘நம்ம வயிறு இரும்பு வயிறு, வெள்ளைக்காரனுக்குத்தான் இதெல்லாம்’ என்று உங்கள் அப்பா சொல்லக்கூடும். கொஞ்சம் உண்மை இருக்கிறது, சின்ன வயதிலிருந்து பலவகை ஈ.கோலையோடு பழகிய உடம்புக்கு ஓரளவு எதிர்ப்பு உண்டு. அமெரிக்காவில் பல வருடம் இருந்துவிட்டு ஊருக்கு வருகிற உறவுக்காரர்கள் ரெண்டாம் நாளே படுத்துவிடுவது அந்த எதிர்ப்பு போய்விட்டதால்தான். ஆனால் சோற்று நஞ்சுக்கும், வாந்திபேதியைக் கொண்டுவருகிற நோரோவைரஸுக்கும் இரும்பு வயிறு தெரியாது. இன்னொன்று, அப்பா நெஞ்செரிச்சலுக்குத் தினமும் வெறும் வயிற்றில் பாண்டோப்ரசோல் மாதிரி ஏதாவது போடுகிறாரா? வயிற்று அமிலம்தான் கிருமியைத் தடுக்கிற முதல் காவல், அதைக் குறைக்கிற மாத்திரை போடுகிறவர்களுக்கு வயிற்றுத் தொற்று சுலபமாக வரும். பழக்கத்துக்காகப் போட்டுக்கொண்டிருக்கிறாரா, நிஜமாகத் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கை. நாம் கையால் சாப்பிடுகிறவர்கள், ரூபாய் நோட்டு, பஸ் கம்பி, படகுக் கயிறு எல்லாம் தொட்டுவிட்டு. ஹோட்டல் வாசலில் இருக்கிற கை சுத்தம் செய்கிற ஜெல் நோரோவைரஸிடம் அவ்வளவாக எடுபடாது, சோப்பும் தண்ணீரும்தான் வேலை செய்யும். சின்ன சோப்புத் துண்டு ஒன்று பையில் இருக்கட்டும். வியட்நாமில் உள்ளூர்க்காரர்களே உட்கார்ந்ததும் குச்சியையும் கரண்டியையும் காகிதத்தால் துடைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள், நீங்களும் செய்யலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இவ்வளவும் பார்த்தாலும் யாராவது ஒருவருக்கு வயிறு கலங்கத்தான் செய்யும். அதற்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம்தான் முதல் மருந்து, ஆளுக்கு நான்காவது எடுத்துக்கொள்ளுங்கள். பொட்டலத்தில் ‘டபிள்யூ.எச்.ஓ. ஃபார்முலா’ என்று இருக்க வேண்டும். டெட்ரா பாக்கெட்டில் ஆப்பிள், ஆரஞ்சு ருசியில் வருகிற சர்க்கரைத் தண்ணீரை அதுவென்று நினைத்து வாங்கியவர்கள் ஏராளம், அந்தப் பானங்கள் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025இல்தான் தடை போட்டது. 1971 வங்கதேசப் போரின்போது அகதி முகாமில் ஊசிவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, திலீப் மஹலனாபிஸ் என்ற டாக்டர் டிரம்மில் உப்பும் சர்க்கரையும் கரைத்துக் குடிக்கக் கொடுத்தே காலரா சாவைப் பெருமளவு குறைத்தார், அந்தச் சரக்குதான் இது. அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறதே கொடுக்கலாமா என்று தயங்காதீர்கள், 1 லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான். அதே 1 லிட்டர் கோலாவில் 100 கிராமுக்கு மேல் சர்க்கரை, அதில் உப்பைப் போட்டுக் குடிக்கிற வைத்தியம் வயிற்றுப்போக்கை இன்னும் கூட்டும். பொட்டலம் கையில் இல்லாத நேரத்தில் 1 லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. மகளுக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 100 முதல் 200 மி.லி., வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு மறுபடி ஸ்பூன் ஸ்பூனாக. பட்டினி போடாதீர்கள். வியட்நாமில் ‘சாவ்’, தாய்லாந்தில் ‘ஜோக்’ என்று கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி தெருவுக்குத் தெரு கிடைக்கும், இறைச்சி போடாமல் வெறும் கஞ்சியாகக் கேட்டால் தருவார்கள், நம் உப்புக் கஞ்சியேதான்.

போக்கை நிறுத்துகிற லோபரமைடு பெரியவர்களுக்கு, பஸ்ஸில் 5 மணி நேரம் உட்கார்ந்தாக வேண்டும் என்ற நிலைமைக்கு மட்டும். காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் போடக் கூடாது, குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. மெடிக்கலில் கேட்டு வாங்குகிற நார்ஃப்ளாக்ஸசின், ஆஃப்லாக்ஸசின் வகை ஆன்டிபயாடிக் மாத்திரைகளை அள்ளிக்கொண்டு போகாதீர்கள், தென்கிழக்கு ஆசியாவில் வயிற்றுப்போக்கைக் கொண்டுவருகிற கேம்பைலோபாக்டர் என்ற கிருமி அவற்றுக்குப் பெரும்பாலும் மசிவதில்லை. அங்கே தேவைப்பட்டால் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைத்தான் டாக்டர்கள் முதலில் யோசிக்கிறார்கள். யாருக்கு, எவ்வளவு, எந்த நிலைமையில் என்று உங்கள் டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்குங்கள். அதே சந்திப்பில் வயிற்றுப்போக்கு வந்தால் அப்பாவின் சர்க்கரை மாத்திரை, பி.பி. மாத்திரை எதை நிறுத்திவைக்க வேண்டும் என்றும் கேளுங்கள், நீர் வற்றிய உடம்பில் சில மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். டைஃபாய்டு ஊசி போட்டு நாளாயிற்று என்றால் கிளம்புவதற்கு 2 வாரம் முன்பாவது போட்டுக்கொள்ளுங்கள், ஹெபடைடிஸ் ஏ பற்றியும் கேளுங்கள்.

மலத்தில் ரத்தம், 38.5க்கு மேல் காய்ச்சல், எது குடித்தாலும் வாந்தி, 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, குழந்தை துவண்டு தூங்கிக்கொண்டே இருப்பது, இதில் எது ஒன்று வந்தாலும் டூர் பஸ்ஸை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தாய்லாந்தில் ஆம்புலன்ஸுக்கு 1669, சுற்றுலாப் போலீஸுக்கு 1155, வியட்நாமில் 115, கம்போடியாவில் 119. பயணக் காப்பீட்டின் 24 மணி நேர எண்ணை, ஆஸ்பத்திரியில் சேர்க்கிற நேரத்திலேயே அழைத்துவிடுங்கள், பின்னால் சொன்னால் பில் கேட்டு இழுத்தடிப்பார்கள்.

ஊர் திரும்பிய பிறகும் இரண்டு மாதம் கண் இருக்கட்டும். ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி வெளியே தெரிய 1, 2 வாரம் ஆகும், ஹெபடைடிஸ் ஏ 15 நாளிலிருந்து 50 நாள் வரைக்கும் ஆகலாம், டைஃபாய்டும் உடனே வருவதில்லை. வயிற்றுப்போக்கு 2 வாரத்தைத் தாண்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளாகத் தெரிந்தாலோ டாக்டரிடம் உட்கார்ந்ததும் எந்த நாடு, எந்தத் தேதியில் போய் வந்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.